ஐஸ் பெட்டியில் வந்ததெல்லாம் பெண்

1. கத்தியும் ஃபார்மும்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தவை ஒரு கத்தி, ஒரு ரப்பர் ஏப்ரன், ஒரு கட்டு ஃபார்ம். அப்பா அதே மீன்வள இலாகாவில் போட் மஸ்தூராக, அதாவது படகுக் கூலியாளாக இருந்து சர்வீஸிலேயே இறந்துபோனார். கம்பாஷனேட் கிரவுண்டில் எனக்கு வேலை கிடைத்தது. பியூன் வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். லேபில் இருந்தவர் மீன் நாற்றம் தாங்காமல் வேறு செக்‌ஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியிருந்தார். "தூத்துக்குடிக்காரப் பொண்ணுதானே, மீன் வெட்டத் தெரியாமலா இருக்கும்?" என்று சூப்பிரண்டெண்ட் என்னை அங்கே தள்ளிவிட்டார். நான் பிறந்தது போர்ட் பிளேரில். தூத்துக்குடியைப் பார்த்ததே இரண்டு தடவைதான்.

லேப் ஜங்லிகாட் மீன் ஜெட்டிக்கு நேர் மேலே இருந்தது. ஒரு சிமெண்ட் மேஜை, ஒரு குழாய், ஒரு தராசு, ஜெட்டியைப் பார்த்த ஒரு ஜன்னல். பெயர்தான் லேப். இலாகாவின் சர்வே கப்பல் ஆழ்கடலுக்குப் போய் லாங்லைன் போடும். நீளமான கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டி இறக்குவதுதான் லாங்லைன். கிடைத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து எனக்கு அனுப்புவார்கள். நான் நீளம் அளந்து, எடை போட்டு, வயிற்றைக் கிழித்து, ஆணா பெண்ணா, முட்டை உண்டா, ஈரல் எவ்வளவு என்று ஃபார்மில் எழுத வேண்டும். வலது கோடியில் கடைசிக் கட்டம் ரிமார்க்ஸ். அடியில் 'செக்டு பை' என்ற இடத்தில் என் கையெழுத்து.

ஒவ்வொரு ட்ரிப் முடிந்ததும் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், என்ன கிடைத்தது என்று ஒரு தாள் டைப் செய்து ஜெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். மீன்பிடிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான். அரசாங்கம் காசு போட்டுக் கப்பல் ஓட்டுவதே அதற்காகத்தானே.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "மேடம், உங்க சர்வீஸ்ல நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்க, எங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்று கேட்டார்கள். சிரிக்கிற மாதிரி நாலு சம்பவம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வெட்டிய மீனில் ஒரே ஒரு ஜாதிதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

2. பச்சைக் கண்

சுனாமி முடிந்து ஊர் ஓரளவு எழுந்து நின்ற பிறகு கப்பல் ஆழமான இடங்களுக்குப் போக ஆரம்பித்தது. நம் தீவுகளுக்குக் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே அடியில் சரிவு தொடங்கி, வெயில் எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். அந்தச் சரிவில் லைன் இறக்கினார்கள்.

முதல் பெட்டியைத் திறந்தபோது நான் ஒரு எட்டு பின்னால் போனேன். உள்ளே கிடந்தவை சுறாக்கள். ஆனால் கண் பச்சை. பெட்டியின் மூலையில் ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் எல்லாக் கண்ணும் பச்சையாக மின்னியது. செத்து ஒன்றரை நாள் ஆன மீன் அது. இருட்டிலேயே வாழ்கிறதற்கு அப்படிக் கண் வேண்டும் என்று எங்கள் ஆபீஸர் சந்திரமௌலி சார் சொன்னார். கல்பர் ஷார்க் என்று பெயரும் சொன்னார். கடைத்தெருவில் பின்னால் எண்ணெய்ச் சுறா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதுகில் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முள். முதல் நாளே என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. வயிற்றுக்கு அடியில், வாலுக்கு முன்னால் மற்றச் சுறாக்களுக்கு இருக்கும் சின்னத் துடுப்பு இதற்குக் கிடையாது. கத்தியை வைத்துக் கிழித்தால் முதலில் ஈரல்தான் வெளியே வந்து விழும். இரண்டு நீளத் துண்டு, வெண்ணெய் நிறம், வயிறு முழுக்க அதுதான். சார் சொன்னார், "இதுக்கு மத்த மீன் மாதிரி காத்துப் பை கிடையாதும்மா. அந்த ஆழத்துல மிதக்கறதே இந்த ஈரல்ல இருக்கற எண்ணெயாலதான். கிரீம், மாத்திரை எல்லாத்துக்கும் இந்த எண்ணெய் கேக்கறாங்க. நல்லா எடை போடு."

நல்லா எடை போட்டேன்.

ஈரலைத் தூக்கி வைத்தால் பின்னால் கர்ப்பப்பை. இது முட்டையிடும் சுறா இல்லை, குட்டி போடும் சுறா. முட்டை உள்ளேயே இருக்கும், கோழி முட்டையைவிடப் பெரிய மஞ்சள் உருண்டை. அந்த மஞ்சளைக் கழுத்தடியில் ஒட்டிக்கொண்டு குட்டி வளரும். பெரும்பாலும் ஒரே குட்டி, மிஞ்சினால் இரண்டு. ஏறக்குறைய இரண்டு வருஷம் சுமக்கும். அந்தக் குட்டி தானும் ஒரு குட்டி போடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். மத்தி, கானாங்கெளுத்தி லட்சக்கணக்கில் முட்டை போடுகிற கடலில் இப்படியும் ஒரு ஜென்மம். முதல் குட்டியை மேஜையில் எடுத்து வைத்தபோது அதற்கும் கண் பச்சையாக இருந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. அன்றைக்குச் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

3. சார் சொன்ன காரணம்

நாலு ட்ரிப் முடிந்தது. தெற்குச் சரிவில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் இந்தச் சுறா நிறையக் கிடைத்தது. ஒவ்வொன்றும் பெரிதாக, கொழுகொழுவென்று. ஆபீஸில் எல்லாருக்கும் சந்தோஷம். புது ரிசோர்ஸ் கண்டுபிடித்திருக்கிறோம் என்று பேச்சு.

ஐந்தாவது ட்ரிப் பெட்டியை வெட்டி முடித்து ஃபார்மை மேலிருந்து கீழே பார்த்தேன். செக்ஸ் என்ற கட்டத்தில் எஃப், எஃப், எஃப், எஃப். பழைய ஃபார்ம்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் எஃப். ஒரு எம் கூட இல்லை. சுறாவில் ஆணைக் கண்டுபிடிக்க வெட்டவே வேண்டாம். வயிற்றடியில் இருக்கிற ஜோடித் துடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். நான் தவறவிட்டிருக்க வழியே இல்லை. அதிலும் முக்கால்வாசிக்கு மேல் சினை.

ஃபார்ம்களைத் தூக்கிக்கொண்டு சார் ரூமுக்குப் போனேன்.

"சார், எல்லாம் பொட்டையா இருக்கு. ஒண்ணுகூட ஆண் இல்லை. வயித்துல குட்டியோட இருக்கு."

சார் ஃபார்மைப் புரட்டிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களை எல்லாம் உட்காரச் சொல்லிப் பேசும் ஆபீஸர் அவர் ஒருவர்தான்.

"இங்க பாரு பேச்சியம்மா. கப்பல்ல ஐஸ் பெட்டியில எவ்வளவு இடம் இருக்கும்? பெருசாப் பாத்துப் பொறுக்கித்தான் போடுவாங்க. இந்த ஜாதியில பொட்டைதான் பெருசு. அப்போ உனக்கு வர்றது எல்லாம் பொட்டையாத்தானே இருக்கும்?"

"அப்போ ஆண் எங்க சார்?"

"சின்னதா இருந்திருக்கும், கடல்லயே தூக்கிப் போட்டிருப்பாங்க. இதுக்குப் பேரு சாம்பிளிங் பயாஸ். பயப்படாதே, நான் ரிப்போர்ட்ல ஒரு ஃபுட்நோட் போட்டுடறேன்."

அவர் டாக்டர் பட்டம் வாங்கியவர். நான் பிளஸ் டூ. காரணம் நறுக்கென்று பொருந்தியது. சரி சார் என்று வந்துவிட்டேன். ரிப்போர்ட்டில் ஃபுட்நோட் போட்டார்: மாதிரிகள் பெரிய மீன்களாகத் தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டதால் ஆண் பெண் விகிதம் கணக்கிடப்படவில்லை. அதற்கு மேலே, அந்தச் சரிவையும் அந்த ஆழத்தையும் சொல்லி, இங்கே மீன்பிடிப்பது லாபகரமாக இருக்கும் என்று பரிந்துரை. டேட்டா பக்கங்களில் 'செக்டு பை' என் கையெழுத்து.

அந்தச் சமயம் கப்பல் ஜெட்டியில்தான் நின்றது, ஒரு வாரம் முழுக்க. ஜன்னலைத் திறந்தால் போசன் அப்பாராவ் கயிறு உலர்த்துவது தெரியும். போசன் என்றால் கப்பலில் டெக் வேலைக்குத் தலைவர். படி இறங்கினால் மூன்று நிமிஷம். "அண்ணா, பொறுக்கி அனுப்புறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொம்பளை கப்பலில் ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சார் சொன்ன பதில் வசதியாக இருந்தது. டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்கிற அவசரமும் இருந்தது.

4. நீல டிரம்

நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய பத்தாம் நாள் கணேசன் லேபுக்கு வந்தான். ஜங்லிகாட்டில் இரண்டு போட் வைத்திருந்தவன். அவன் அப்பா ராமநாதபுரத்திலிருந்து பில்டிங் கான்ட்ராக்டில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

"அக்கா, அந்த எண்ணெய்ச் சுறா நெஜமாவே அங்க இருக்கா? இல்ல சும்மா சர்க்கார் தாளா?"

"நான் வெட்டினேன், கணேசா. இருக்கு."

"அக்கா சொன்னா போதும். ஜாவ்ங்கா, போறேன்."

போனான். அவனைப் பார்த்து வேறு போட்டுகளும் போயின. அடுத்த சில வருஷங்கள் ஜெட்டியில் நீல பிளாஸ்டிக் டிரம்கள் வரிசையாக நிற்கும். சுறாவைக் கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள். கடலிலேயே ஈரலை எடுத்து டிரம்மில் போட்டுவிட்டு மீதியைக் கடலில் தள்ளிவிடுவார்கள். அதனால் எங்கள் லேண்டிங் கணக்கில் சுறாவே கிடையாது. ஜெட்டியில் உட்கார்ந்து மீன் எழுதும் ஆளுக்கு டிரம்மை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டார். மீன்பிடிப்பு நடப்பது ஊருக்கே தெரியும், ரெக்கார்டில் மட்டும் இல்லை.

கணேசன் நல்லபடியாக இருந்தான். தீபாவளிக்கு லேபுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவருவான். "உங்க ஆபீஸ் புண்ணியம் அக்கா" என்பான். ஒரு தடவை அவனிடம் கேட்டேன்.

"வயித்துல குட்டி இருக்குமே, அதை என்ன பண்ணுவீங்க?"

"நாங்க எங்கக்கா பண்றது? மேல ஏத்தும்போதே அதுவா வெளிய வந்துரும். டெக் பூரா வழுக்கும். தண்ணி பாய்ச்சிக் கழுவி விட்ருவோம்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். அவனுக்கு அது சாதாரணம்தான். அன்று அவன் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸைப் பிரித்து நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மெல்ல மெல்ல டிரம் குறைந்தது. முதலில் மழைக் காலம் என்றார்கள், பிறகு நீரோட்டம் சரியில்லை என்றார்கள். பிறகு யாரும் காரணம் சொல்லவில்லை. கணேசன் ஒரு போட்டை விற்றான்.

5. அப்பாராவ் சொன்னது

என் சர்வீஸில் கடைசி வருஷம். சந்திரமௌலி சார் ரிட்டயர் ஆகி மெயின்லேண்ட் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. புதிதாக வந்த பிருந்தா மேடம் பழைய இடத்தையே திரும்ப சர்வே செய்யக் கப்பலை அனுப்பினார். போவதற்கு முன் பழைய ஃபைலை என் மேஜையில் வைத்து, அந்த ஃபுட்நோட்டில் விரலை வைத்தார்.

"யாரு பொறுக்கினது?"

"கப்பல்ல மேடம்."

"கப்பல்ல கேட்டீங்களா?"

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "இந்தச் சுறால ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்காது. வேற வேற ஆழம், வேற வேற இடம். சினையா இருக்கற பெண்கள் எல்லாம் ஒரே சரிவுல கூடும். ஒருவேளை அந்த இடமா இருந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

ஒரு வாரம் கழித்துக் கப்பல் திரும்பியது. அப்பாராவ் அண்ணா தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். ஸ்ரீகாகுளத்துக்காரர், தெலுங்கும் இந்தியும் தமிழும் கலந்துதான் பேசுவார். பெட்டியில் ஐஸும் ஏதோ இரண்டு விலாங்கும். பழைய இடத்தில் நாலு நாள் லைன் போட்டிருக்கிறார்கள். முள்ளில் குத்திய இரை கடிபடாமல் அப்படியே திரும்பி வந்ததாம்.

நான் கேட்டேன். பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டேன். "அண்ணா, அப்போ அந்தச் சுறா வந்தப்ப, பெருசாப் பொறுக்கிப் பெட்டியில போட்டீங்களா? சின்னதை எல்லாம் கடல்ல விட்டீங்களா?"

"கௌன் போலா? யாரு சொன்னது?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பொறுக்கினது யாரு? சார் என்ன ஆர்டர் குடுத்தார், லைன்ல வர்றது பூரா லேபுக்குன்னு. பூரா குடுத்தோம். பெட்டி எப்பவும் ஆதா காலி, பாதிதான் நெறையும். அதுல ஆண் மீன் ஏக் பீ நஹி தீதி, ஒண்ணுகூட இல்ல. நாங்க டெக்ல அதைச் சொல்லிச் சிரிப்போம், லேடீஸ் ஹாஸ்டல்னு."

டெக்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் பார்த்ததைச் சொல்லி அவர்களிடம் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்ததை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நடுவில் இருந்தது பதினெட்டுப் படி. அன்று பெட்டியைக் கழுவிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். பிள்ளை சுமக்கிறவற்றை எல்லாம் ஒரே இடத்தில் காட்டிக்கொடுத்த பட்டியலில் என் கையெழுத்து இருக்கிறது. அதை எந்த ஃபுட்நோட்டும் மாற்றாது.

6. ரிமார்க்ஸ்

ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது கப்பல் கார் நிக்கோபார் பக்கம் போனது. திரும்பும் வழியில் கடல் சரியில்லாமல் ஒரு தீவின் மறைவில் ஒதுங்கியவர்கள், சும்மா இருப்பானேன் என்று மீதி இரையைக் குத்தி லைன் இறக்கியிருக்கிறார்கள். திட்டத்திலேயே இல்லாத இடம். ஒன்பது வந்தது. ஒன்பதும் பச்சைக் கண்.

இந்தத் தடவை நான் கப்பலிலேயே ஏறிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பூராவும் இதுதானா, ஒன்றையும் கடலில் விடவில்லையா என்று அப்பாராவ் அண்ணாவிடம் மூன்று தடவை கேட்டேன். "மா கசம், அம்மா மேல சத்தியம், பூரா இதுதான்" என்றார். ஒன்பதும் பெண். ஒன்பதின் வயிற்றிலும் குட்டி. அளந்தேன், எடை போட்டேன், ஈரலை எடை போட்டேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: பொறுக்கி அனுப்பியது இல்லை. வந்தது முழுவதும் இதுவே. எல்லாம் பெண், எல்லாம் சினை. இங்கே பிடிக்கக் கூடாது. என் சர்வீஸிலேயே திருப்தியாகப் போட்ட கையெழுத்து அதுதான்.

மேடம் அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றே மெயின்லேண்டுக்குக் கடிதம் தயார் செய்தார். அந்த இடத்தை மூட வேண்டும் என்று. எனக்குப் பல வருஷத்துப் பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. ஃபார்மை டைப்பிஸ்ட்டிடம் கொடுத்து, "ரிமார்க்ஸையும் விடாம அடிப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் இடம், ஆழம், ரிமார்க்ஸ் ஒன்றையும் விடாமல் அடித்தார். அடித்து, எப்போதும் செய்கிற மாதிரி ஒரு காப்பியை ஃபைலில் வைத்தார், இன்னொரு காப்பியை ஜெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஒட்டாதே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மேடம் வந்து ஒரு வருஷம்தான், அவருக்குப் போர்டு ஞாபகம் இல்லை. எனக்கு முப்பது வருஷத்துப் பழக்கம். அதனாலேயே அது என் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கணேசன் வந்தான். தலை நரைத்திருந்தது. போனில் அந்தத் தாளை போட்டோ எடுத்து வைத்திருந்தான்.

"அக்கா, இது நீங்க கையெழுத்துப் போட்டதுதானே?"

நான் படியில் இறங்கி ஓடிப் போய்ப் போர்டிலிருந்து தாளைக் கிழித்தேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

"ஏன்க்கா கிழிக்கிறீங்க? ஒட்டி ரெண்டு நாளாச்சு. பாதி ஜெட்டி போட்டோ எடுத்துருச்சு."

"கணேசா, கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா? எல்லாம் வயித்துப் புள்ளையோட இருக்கு. தெக்குச் சரிவுல ஒண்ணுகூட மிச்சமில்லை, உனக்கே தெரியும். அங்க போகாத. உன் கால்ல விழுறேன்."

அவன் முகத்தில் சங்கடம் தெரிந்தது. அவன் கொடூரமானவன் இல்லை, ஒரு போட், இரண்டு பெண் பிள்ளைகள். அந்தச் சுறாவைப் பிடிக்கக் கூடாது என்று அப்போது எங்கள் ஜெட்டியில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

"நான் போகலைன்னா வேற எவனாவது போகப் போறான்க்கா," என்றான். பிறகு போனில் அந்த வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "எல்லாம் பொட்டை, எல்லாம் சினைன்னு போட்டிருக்கு. அப்போ சைஸ் பெருசு. ஈரலும் பெருசா இருக்கும், இல்லக்கா?"

பெரிதுதான். ஒவ்வொன்றாக அளந்து கிராம் உட்பட எழுதியவள் நான். அந்த வாரமே மூன்று போட் கிளம்பியது.

பிள்ளைகளே, நீங்கள் கேட்டதால் இரண்டு விஷயம் சொல்கிறேன். காரணம் தெரியாவிட்டால் ஃபார்மில் தெரியாது என்றே எழுதுங்கள். பொருந்துகிற காரணத்தை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், இறங்கிப் போய்க் கேளுங்கள். இன்னொன்று, குட்டி போடுகிற இடம் என்று தெரிந்தால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைத் தனித் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் தினமும் பாருங்கள்.

நான் ரிட்டயர் ஆகி நாலு மாதம் கழித்து மெயின்லேண்டிலிருந்து பதில் வந்ததாக மேடம் போனில் சொன்னார். விவரம் போதவில்லை, முழு டேட்டாவுடன் மறுபடி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்களாம். என் ஃபார்மை ரிமார்க்ஸ் வரைக்கும் கவனமாகப் படித்தவன் கணேசன் ஒருவன்தான்.